கைமாறும் இடம்

10 ஜனவரி 2011, திங்கள்

இன்று முதல் பொள்ளாச்சி ரோடு. உக்கடத்தில் தொடங்கி ஆச்சிப்பட்டி வரை பதினொரு டவர்கள். ஒவ்வொன்றின் உச்சியிலும் எங்கள் செவ்வேள் வயர்லெஸ் செய்த ரேடியோ பெட்டி. காரின் பின்சீட்டில் நான், மடியில் லேப்டாப், அதோடு இணைத்த இரண்டு சோதனை போன்கள். ஒரு டவரின் எல்லை முடிந்து அடுத்ததன் எல்லை தொடங்கும் இடத்தில் இணைப்பு கைமாற வேண்டும். மாறிவிட்டால் ஒன்றுமில்லை. எந்தப் போனில் அறுந்தாலும் லேப்டாப் ‘கீச்’ என்று கத்தும், வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். சோதனை தேறினால் வடநாட்டு செல்போன் கம்பெனி ஒன்று தெற்கு முழுவதற்கும் எங்கள் பெட்டிகளை வாங்கும்.

வண்டியும் டிரைவரும் வெள்ளிங்கிரி அண்ணா. சொந்த டவேரா, கம்பெனிக்கு மாத வாடகை. ஐம்பத்திரண்டு வயது. இருபது வருடம் சுந்தராபுரம் கார் ஸ்டாண்டில் ஓட்டியவர். அறுபதில் போங்கள் என்றால் முள் அறுபதிலேயே நிற்கிறது.

முதல் நடையில் பதினான்கு சத்தம்.

"இது நல்லதுங்களா கெட்டதுங்களா மேடம்?"

"இப்பத்தான ஆரம்பிச்சிருக்கோம் அண்ணா. ட்யூன் பண்ணப் பண்ணக் குறையும்."

"அப்பச் சரிங்க" என்றார். அவரிடம் எங்கள் கம்பெனிப் பங்கு இருநூறு இருக்கிறதாம். முதல் வெளியீட்டிலேயே நூற்றுப்பத்து ரூபாய்க்கு விண்ணப்பித்து வாங்கியது. "நம்மூரு கம்பெனிங்க. அதுக்கே வண்டி ஓட்டறேன். வாங்காம இருப்பனுங்களா?"

12 ஜனவரி, புதன்

பதினாறு. நேற்று பதின்மூன்று. இடுப்பு வலி.

19 ஜனவரி, புதன்

பொங்கல் விடுமுறை முடிந்து மறுபடி ரோடு. வண்டியை நிறுத்திவிட்டுச் சோதித்தால் பிரமாதமாக இருக்கிறது. ஈச்சனாரி கோயில் எதிரே நின்றுகொண்டு ஒரு முழு சினிமாவைத் தடங்கலில்லாமல் இறக்கினேன். நகர்ந்தால்தான் அறுகிறது. மலுமிச்சம்பட்டி தாண்டி ஒன்று, ஒத்தக்கால்மண்டபம் முன்னால் இரண்டு, கிணத்துக்கடவில் எப்போதும்.

விஸ்வேஸ்வரன் சாரிடம் சொன்னேன். தொழில்நுட்பப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். "மூணு வாரம் ட்யூன் பண்ணுங்க ஈஸ்வரி, சரியாயிடும்" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் மாடிக்குத் தூண் எழுப்பி அப்படியே நிற்கிறது. மேஸ்திரி தினமும் வந்து தூணைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்க்கிறார். கான்கிரீட் போடப் பணம் புரளவில்லை. "கம்பெனி குடுத்த பங்கு சும்மாதான கெடக்கு?" என்றார் நந்தகுமார். என் வீட்டுக்காரர், பாலிடெக்னிக்கில் லேப் உதவியாளர், எதையும் ஒருமுறைதான் சொல்வார். யோசிக்கலாம் என்றேன்.

31 ஜனவரி, திங்கள்

மூன்று வாரமாக ட்யூன் செய்தாகிவிட்டது. ஆன்டெனாவைச் சாய்த்துப் பார்த்தோம், சக்தியைக் கூட்டிப் பார்த்தோம், பெட்டிக்குள் இருக்கும் மென்பொருளை இரண்டு தடவை மாற்றினோம். இன்று பன்னிரண்டு.

காலாண்டு முடிவு வெளியாகிவிட்டது. ஊழியர்கள் பங்கு விற்க அனுமதியுள்ள நாட்கள் இன்று தொடங்கி இரண்டு வாரம் என்று சுற்றறிக்கை வந்தது. எல்லாருக்கும் வருவதுதான்.

3 பிப்ரவரி, வியாழன்

விடுப்பு. டவுன்ஹால் பக்கம் ஒரு வேலை. பதினொரு மணிவாக்கில் முடிந்தது. வரும் வழியில் கொத்தமல்லி, ரெண்டு கிலோ சின்ன வெங்காயம். வெயில் இப்போதே ஏறிவிட்டது.

13 பிப்ரவரி, ஞாயிறு

மாடிக்குக் கான்கிரீட் போட்டாயிற்று. இருபத்தொரு ஆட்கள், மிக்சர் மெஷின், மதியம் எல்லாருக்கும் தக்காளிச் சாதம். நந்தகுமார் உற்சாகமாக மேலும் கீழும் ஏறி இறங்கினார். பணத்துக்கு வழி பிறந்ததில் அவருக்கு நிம்மதி. எனக்கும்தான்.

இனி இருபது நாள் தண்ணீர் கட்ட வேண்டும்.

22 பிப்ரவரி, செவ்வாய்

காலையில் மாடிக்குத் தண்ணீர் விட்டுவிட்டு ஓடினேன். புடவை நனைந்தபடியே வண்டியில் ஏறினேன்.

கிணத்துக்கடவில் டீக்கு நிறுத்தியபோது வெள்ளிங்கிரி அண்ணா கேட்டார்.

"மேடம், உங்களுக்கெல்லாம் கம்பெனியே பங்கு குடுத்திருக்குமில்லீங்க?"

"குடுத்தாங்க."

"வச்சிருக்கீங்களா?"

இருக்கு என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டார். ஸ்டாண்டில் ஐந்து பேர் அவர் பேச்சைக் கேட்டு வாங்கியிருக்கிறார்களாம். இந்த மாதமும் வாங்கினார்களாம். "நம்ம வைமாக்ஸு நிக்குமா, அந்த எல்.டி.இ. நிக்குமான்னு பேப்பர்ல போடறாங்களேன்னு கேட்டாங்க. நான் என்னத்தைக் கண்டேன்? மேடம் பக்கத்துலயே இருக்கேன், அவுங்க அசரவே இல்லைன்னு சொன்னனுங்க."

டீயில் சர்க்கரை அதிகம்.

4 மார்ச், வெள்ளி

எங்கள் பெட்டி வைமாக்ஸ் முறையில் ஓடுவது, அதன் மூளை ஒரு சிப். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றிடமிருந்து வாங்குகிறோம். அவர்களிடமிருந்து இன்று மின்னஞ்சல், எனக்கும் ஒரு நகல். வைமாக்ஸ் சிப்புக்கு இனிப் புதிய வடிவம் கிடையாது, டிசம்பருக்குள் கடைசி ஆர்டரைக் கொடுத்துவிடுங்கள் என்று நான்கு வரி. அவர்கள் எல்.டி.இ. பக்கம் போகிறார்கள். பெரிய போன் கம்பெனிகள் போன வருடமே அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டன.

இரண்டு முறைகளும் ஒன்றோடொன்று பேசாது. ஒன்றுக்காகச் செய்த போன் இன்னொன்றில் வெறும் டப்பா. நாங்கள் பொள்ளாச்சி ரோட்டில் எத்தனை ட்யூன் செய்தாலும், அந்த ரோட்டில் பேச ஒருவர் கையிலும் போன் இருக்கப்போவதில்லை. இது தெரிந்த பிறகும் மதியம் இரண்டு நடை போனோம். பதினொன்று, பன்னிரண்டு.

16 மார்ச், புதன்

விஸ்வேஸ்வரன் சார் அறைக்கு அழைத்தார். மேசை மேல் என் வரைபடம். சிவப்புப் புள்ளிகள் அம்மை போட்ட மாதிரி.

"இதெல்லாம் மரம் மறைக்கிற எடம், பள்ளம். நம்ம டிசைன்லயே இந்த எடத்துக்கெல்லாம் நாம உத்தரவாதம் குடுக்கல. இதை 'வரம்புக்கு வெளியே'ன்னு குறிச்சிட்டு மிச்சத்தை மட்டும் கணக்குல எடுங்க."

"சார், கைமாறுற எடம் பூராவும் வரம்புக்கு வெளியேன்னா, சோதனைன்னு எதைச் சொல்றது?"

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். நானும் அவரும் பதினான்கு வருடமாக ஒன்றாக வேலை செய்கிறோம். என் அப்பா இறந்தபோது மயானம் வரை வந்தவர்.

"எல்.டி.இ.க்கு மாறணும்னு எனக்குத் தெரியாதா ஈஸ்வரி? ரெண்டு வருஷம் ஆகும். அதுவரைக்கும் முந்நூறு பேருக்குச் சம்பளம் வேணும். அதுக்குப் பணம் தெரட்டணும். தேறினதா ஒரு ரிப்போர்ட் இருந்தாத்தான் தெரட்ட முடியும். நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறதுக்கா கேக்கறேன்?"

அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. வந்து உட்கார்ந்து குறித்தேன். ஒவ்வொரு புள்ளியாகக் குறிக்க வேண்டியிருந்தது. மொத்தமாக மாற்ற அந்த மென்பொருளில் வசதி கிடையாது.

17 மார்ச், வியாழன்

தேர்ச்சி 97.4 சதவீதம். கையெழுத்து: சௌடேஸ்வரி நந்தகுமார், முதுநிலைப் பொறியாளர்.

8 ஏப்ரல், வெள்ளி

சோதனை வெற்றி என்று பத்திரிகைக்கு அறிவிப்பு கொடுத்தார்கள். பங்கு இருநூற்றுப் பத்தொன்பது. கேன்டீனில் மைசூர்பா. வெள்ளிங்கிரி அண்ணா ஸ்டாண்டிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிவந்து கேட்டுக்கு வெளியே நின்றார். ஒருவர் சென்னியப்பன், ஒல்லியாக உயரமாக இருந்தார், வாயே திறக்கவில்லை. இன்னொருவர் ஆறுச்சாமி, இளவட்டம். "நீங்கதான் அந்த மேடமுங்களா?" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

மைசூர்பாவை அவர்களுக்குக் கொடுத்துவிட்டேன்.

19 ஏப்ரல், செவ்வாய்

மாடியில் செங்கல் வேலை. நந்தகுமார் ஜன்னல் எந்தப் பக்கம் வைக்கலாம் என்று கேட்டார். எந்தப் பக்கமும் வைங்க என்றேன். முறைத்தார்.

23 மே, திங்கள்

உரிமைப் பங்கு வெளியீடு அறிவித்துவிட்டார்கள். ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்கள் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் நூற்றிருபது ரூபாய்க்குப் புதிதாக வாங்கலாம், கூடுதலாகவும் விண்ணப்பிக்கலாம். ஜூன் 13 முதல் 27 வரை. வெளியீட்டு விவரப் புத்தகத்தின் ஆறாம் பக்கத்தில் 97.4. சிப் கம்பெனியின் கடிதம் பற்றி எந்தப் பக்கத்திலும் இல்லை. இரண்டு தடவை தேடினேன்.

6 ஜூன், திங்கள்

வாங்கப்போகும் வடநாட்டுக் கம்பெனியில் இரண்டாம் சுற்றுச் சோதனை கேட்டிருக்கிறார்கள். மறுபடி பொள்ளாச்சி ரோடு, மறுபடி அதே சீட்டு. இந்தப் பக்கம் சாரல் ஆரம்பித்துவிட்டது.

ஒத்தக்கால்மண்டபம் தாண்டும்போது வெள்ளிங்கிரி அண்ணா கண்ணாடி வழியாகப் பார்த்துச் சொன்னார்.

"சைட்டைக் குடுத்தறலாமுன்னு இருக்கேன் மேடம்."

"எந்த சைட்டுங்க?"

"கிணத்துக்கடவுல ரெண்டரை சென்ட் கெடக்குதுங்க. நாலு லட்சத்துக்குக் கேக்கறாங்க. பதினஞ்சாந்தேதி பத்திர ஆபீஸு. அத்தனையும் உரிமைப் பங்குல கூடுதலாப் போட்டர்றது. ரெண்டு வருசத்துல இன்னொரு வண்டி எடுத்தனா, ஓட்டறதுக்கு ஆளைப் போட்டுட்டு நான் முதுகை நிமுத்துவனுங்க."

"வீட்டுல என்ன சொன்னாங்க?"

"அவ வேண்டாங்கறா. அவளுக்கு என்னங்க தெரியும்? நான்தான தெனமும் உங்ககூட வர்றேன்."

லேப்டாப் கீச் என்றது. அவர் பேச்சை நிறுத்தவில்லை.

9 ஜூன், வியாழன்

"கொஞ்சம் பொறுத்துப் பண்ணுங்க அண்ணா, அவசரம் என்ன?" என்றேன்.

"இருவத்தேழாந்தேதி கடைசிங்களே" என்றார்.

வெளியே தெரியாத தகவலைச் சொல்லி ஒருவரை வாங்காதே என்றாலும் குற்றம், விற்காதே என்றாலும் குற்றம். வருடா வருடம் கையெழுத்து வாங்குகிற விதிமுறைத் தாளில் இருக்கிறது. சொல்லாமல் இருப்பதற்கு அந்தத் தாள் வசதியாக இருந்தது.

மாலை தலைவலி என்று படுத்தேன். உண்மையில் தலை வலிக்கவில்லை.

13 ஜூன், திங்கள்

சொல்லிவிட்டேன்.

கிணத்துக்கடவு தாண்டி ஒரு புளியமரத்தடியில் நிறுத்தச் சொன்னேன். மழை தூறியது. லேப்டாப்பைத் திருப்பி, ஒன்றையும் மறைக்காத ஜனவரி வரைபடத்தைக் காட்டினேன்.

"அண்ணா, சைட்டை விக்காதீங்க."

அவர் சீட்டில் திரும்பி ஒரு புள்ளி மேல் விரலை வைத்தார். "இந்தச் செவப்பெல்லாம் அந்தச் சத்தமுங்களா?"

"ஆமா."

"சத்தம் எனக்கும் கேட்டுச்சுங்க. பெட்டியைச் சரிபண்றப்ப அப்படித்தான் வருமாக்கும்னு இருந்தேன். அப்புறம் நீங்களே தேறிடுச்சுன்னு எழுதீட்டீங்களே."

"எழுதினேன். சிவப்பையெல்லாம் எடுத்துட்டு எழுதினேன்."

அவர் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "அப்ப நீங்க உங்க பங்கை என்ன பண்ணப் போறீங்க?"

இருக்கு என்று அன்றைக்குச் சொன்னதையே இன்றும் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது.

"பிப்ரவரியிலயே வித்துட்டேன்."

இங்கேயும் எழுதிவிடுகிறேன். யாரும் படிக்கப்போவதில்லை என்று தெரிந்தும் இந்த நாட்குறிப்பில்கூட எழுதாமல் விட்டிருந்தேன். பிப்ரவரி 3. ஆயிரத்து இருநூறு பங்கு, நூற்று எழுபத்திரண்டு ரூபாய். அந்தப் பணத்தில்தான் மாடி. அனுமதி நாட்களில்தான் விற்றேன். ஆனால் மூன்று வாரம் ட்யூன் செய்தும் தேறவில்லை என்று தெரிந்த பிறகு விற்றேன். கான்கிரீட்டுக்காக விற்றேன் என்று நந்தகுமாரிடம் சொன்னேன். எனக்கும் அதையே சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிங்கிரி அண்ணா சாவியைத் திருகினார். வண்டியை எடுத்தார். சரியாக அறுபதில் ஓட்டினார். ஒவ்வொரு கீச்சுக்கும் ஸ்டியரிங் மேல் ஒரு விரலை மடக்கினார். ஆச்சிப்பட்டியில் வண்டியை நிறுத்தி, "பதினொன்னுங்க" என்றார். என் கணக்கும் பதினொன்றுதான்.

14 ஜூன், செவ்வாய்

கம்பெனி இயக்குநர் குழுவில் தணிக்கைப் பிரிவைப் பார்த்துக்கொள்பவர் பேராசிரியர் சுலோசனா அம்மா. ஓய்வு பெற்ற பொறியியல் பேராசிரியர், நிர்வாகத்தோடு ஒட்டில்லாதவர். அவருக்குக் கடிதம் எழுதினேன். ஜனவரி முதல் எல்லா வரைபடங்களும், சிப் கம்பெனியின் மின்னஞ்சலும், நான் குறித்த 'வரம்புக்கு வெளியே' பட்டியலும் இணைப்பு. விஸ்வேஸ்வரன் சார் சொன்னதையும் எழுதினேன். அவருக்கு ஒரு நகல் அனுப்பினேன், முதுகுக்குப் பின்னால் செய்ததாக இருக்கக்கூடாது என்று.

அனுப்பிவிட்டு, சாதம் வடித்தேன், புளிக்குழம்பு வைத்தேன். குழம்புக்கு உப்புப் போட மறந்திருக்கிறேன்.

15 ஜூன், புதன்

வெள்ளிங்கிரி அண்ணா காலையில் வண்டியோடு வாசலில் நின்றார். வரமாட்டார் என்று நினைத்திருந்தேன்.

"பத்திர ஆபீஸுக்குப் போகலீங்க" என்றார். பிறகு, "நான் தப்பிச்சுட்டனுங்க. ஸ்டாண்டுல அஞ்சு பேரு இருக்காங்க. என் பேச்சை நம்பித்தான் போட்டாங்க."

"ஊருக்கே தெரியிற வரைக்கும் அவுங்களுக்குச் சொல்லக்கூடாது அண்ணா. லெட்டர் போட்டிருக்கேன்."

"லெட்டர்ல எல்லாம் எழுதியிருக்கீங்களா?"

எல்லாம் எழுதியிருக்கிறேன் என்றேன். "நீங்க வித்ததையுமுங்களா?" என்று கேட்டார்.

நேற்றைய கடிதத்தில் அது இல்லை. சோதனைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று விட்டிருந்தேன்.

ஆபீஸ் போனதும் இரண்டாவது கடிதம் எழுதினேன். ஐந்து வரி. முதல் கடிதம் நான்கு பக்கம், ஒரே மூச்சில் எழுதினேன். இந்த ஐந்து வரிக்கு மதியம் வரை ஆனது.

16 ஜூன், வியாழன்

விஸ்வேஸ்வரன் சார் என் இடத்துக்கே வந்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"முந்நூறு பேரு ஈஸ்வரி" என்றார். அவ்வளவுதான். போய்விட்டார். கோபப்பட்டிருந்தால் தேவலை.

22 ஜூன், புதன்

உரிமைப் பங்கு வெளியீட்டைத் திரும்பப் பெறுவதாகக் கம்பெனி அறிவித்தது. சோதனை முடிவுகள் மறுஆய்வுக்கு உட்பட்டவை என்று ஒரு வரி. கட்டியவர்களுக்கு முழுப் பணமும் திரும்பும். என்னை விசாரணை முடியும் வரை வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். அடையாள அட்டையைக் கேட்டில் கொடுத்துவிட்டு பஸ்ஸில் வந்தேன்.

நந்தகுமாரிடம் முழுவதையும் சொன்னேன். கேட்டுவிட்டு மாடிக்குப் போனார். பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. ஆட்களை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கீழே வந்தார். "கேட்டது நான்தான" என்றார். "நீங்க பங்கு கெடக்குன்னுதான் சொன்னீங்க. அதோட நெலமை எனக்குத்தான் தெரியும்" என்றேன். சண்டை போடவும் தெம்பில்லை.

1 ஜூலை, வெள்ளி

தினமும் காலையில் சந்தை திறந்ததும் பங்கு அன்றைய கீழ் எல்லைக்கு விழுந்து அங்கேயே பூட்டிக்கொள்கிறது. விற்க வரிசை நிற்கிறது, வாங்க ஆளில்லை. இன்று நூற்று இருபத்தெட்டு என்று காட்டுகிறது. ஆனால் அந்த விலைக்கு யாராலும் விற்க முடியாது.

12 ஜூலை, செவ்வாய்

எண்பத்து மூன்று. பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையத்திலிருந்து பதிவுத் தபால். அடுத்த மாதம் மும்பையில் நேரில் வந்து விளக்கம் தரவேண்டும். பிப்ரவரி 3 விற்பனைக்கான ஒப்பந்தச் சீட்டைத் தேடி எடுத்து வைத்தேன். விற்றதால் தப்பிய நஷ்டத் தொகையைக் கட்டச் சொல்வார்கள், மேலே அபராதமும் இருக்கும் என்று வக்கீல் சொன்னார். மாடியை வாடகைக்கு விட்டாலும் பத்தாது.

செங்கல் மேஸ்திரி போன் செய்தார். எடுக்கவில்லை. பிறகு நானே கூப்பிட்டு, இந்த வருடம் இல்லை என்று சொன்னேன்.

16 ஜூலை, சனி

வெள்ளிங்கிரி அண்ணாவின் போன். கம்பெனி அவருடைய வண்டியையும் நிறுத்திவிட்டது. மறுபடி ஸ்டாண்டுக்கே போய்விட்டார்.

"நாளைக்கு எல்லாரும் இருப்பாங்க மேடம். நான் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டனுங்க. நான் ஏதோ மறைக்கறேன்னு நெனைக்கறாங்க. நீங்களே ஒருக்கா வந்து சொல்லீருங்க."

"என்னன்னு சொல்லட்டும்?"

"எங்கிட்டச் சொன்ன மாதிரியே."

17 ஜூலை, ஞாயிறு

காலை ஒன்பதரை மணிக்கு சுந்தராபுரம் போனேன். நந்தகுமார் கூட வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன்.

வேப்ப மரத்தடியில் ஆறு வண்டிகள். வெள்ளிங்கிரி அண்ணா எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை. சொன்னேன். பெட்டி நின்றால் வேலை செய்யும், ஓடினால் அறுந்துவிடும் என்பதைச் சொன்னேன். அந்த முறைக்குப் போன் தயாரிக்கிறவர்களே விலகிவிட்டதைச் சொன்னேன். தெரிந்தே நான்தான் தேறியது என்று கையெழுத்துப் போட்டேன், அதற்கு முன்பே என் பங்கை விற்றுவிட்டேன் என்றேன். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

ஒருத்தர் காறித் துப்பினார். என் பக்கம் இல்லை, மறுபக்கம். இன்னொருவருக்குச் சவாரி வந்தது, போய்விட்டார். போகும்போது வண்டிக் கதவை ஓங்கிச் சாத்தினார்.

ஆறுச்சாமிதான் கேட்டார். "அப்ப இனி எதுல போடறதுங்க மேடம்? அந்த இன்னொன்னுலயா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வெள்ளிங்கிரி அண்ணாகூட. அத்தனையும் கேட்ட பிறகும் எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறார்கள்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன். "எல்.டி.இ. நிக்கும், அது மட்டும் தெரியும். அதுல எந்தக் கம்பெனி நிக்கும்னு எனக்குத் தெரியாது."

"தெரியாதுங்கறீங்க" என்றார் ஆறுச்சாமி, ஏமாந்த குரலில்.

ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். சென்னியப்பன் மட்டும் கடைசி வண்டியில் சாய்ந்து நின்றிருந்தார். இதுவரை ஒரு வார்த்தை பேசாதவர். மற்றவர்கள் போனதும் முன்சீட்டுப் பெட்டியைத் திறந்து, பாலிதீன் உறையில் போட்டிருந்த ஒரு தாளை எடுத்துவந்தார்.

"இது புரோக்கர் ஆபீஸுல குடுத்ததுங்க. பூராவும் இங்கிலீசு. வாங்குனப்ப கையெழுத்துப் போட்டதோட சரி. இதுல என்னதான் எழுதியிருக்குதுன்னு ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்லீங்க. முழுசாப் படிச்சுச் சொல்றீங்களா?"

வாங்கினேன். ஒப்பந்தச் சீட்டு. அவருடைய பெயர், தகப்பனார் பெயர், விலாசம், புரோக்கரின் பதிவு எண். ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். பங்கின் பெயர், செவ்வேள் வயர்லெஸ். எண்ணிக்கை, முந்நூறு. விலை, நூற்று எழுபத்திரண்டு ரூபாய். வாங்கிய தேதி, பிப்ரவரி மூன்று. நேரம், காலை பதினொரு மணி நான்கு நிமிடம்.

அங்கே நின்றுவிட்டேன். என் வீட்டில் எடுத்து வைத்திருக்கும் சீட்டிலும் அதே தேதி, அதே விலை. நேரம் பதினொன்று நான்கு.

"என்னாச்சுங்க?"

சொல்லாமல் அடுத்த வரிக்குப் போயிருந்தால் அவருக்குத் தெரிய வழியே இல்லை.

"நான் வித்ததும் இதே நாள்தானுங்க. இதே நேரம், இதே விலை. யாரோடது யாருக்குப் போச்சுன்னு சந்தையில காட்டமாட்டாங்க. ஆனா என்னோடதுதான் உங்களுக்கு வந்திருக்கணும்னு நெனைக்கறேன்."

சென்னியப்பன் தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ரோட்டில் ஒரு பொள்ளாச்சி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"சரிங்க" என்றார். "மிச்சத்தையும் படிங்க."

படித்தேன். தரகு, வரி, மொத்தத் தொகை. பின்பக்கம் திருப்பினேன். பொடி எழுத்தில் இருபத்திரண்டு நிபந்தனைகள். பங்கின் விலை ஏறலாம் இறங்கலாம் என்பது, கம்பெனி தரும் தகவலுக்குத் தரகர் பொறுப்பில்லை என்பது, எல்லாம். வெயில் முதுகில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் உட்காரச் சொல்லவில்லை, நானும் உட்காரவில்லை. ஒரு வரியும் விடாமல் கடைசி வரை படித்துச் சொன்னேன்.